மச்சாளோடு நிலாவெளி வீதியில்: சேர்ந்து ஓடிய அனுபவங்கள்

எனக்கு நீண்டதூர ஓட்டத்தில் ஆசை காட்டியவர் என் மச்சாள், என் கணவரின் அக்கா. சீனி கூடிவிட்டது, நடவுங்கோ என்று டொக்டர் சொன்னதில் தொடங்கியவர், நடந்து நடந்து ஓட்டத்துக்குப் போய்விட்டார். நானோ பள்ளிக்கூடத்தில் 400, 800 மீற்றர் ஓடின ஆள். ஓட்டம் என்றால் மூச்சு முட்ட வேண்டும், முடிந்ததும் புல்லில் விழ வேண்டும் என்றே பழகியிருந்தேன். அந்தப் பழக்கத்தோடு 10 கிலோமீற்றர் போனால் யாருக்கு ஓட்டம் பிடிக்கும்?

மச்சாளிடம் ஒரே சட்டம்தான்: "கதைக்கேலாத வேகத்தில ஓடாதையும்." நான் இரண்டடி முன்னே போனால் உடனே ஏதாவது கேள்வி கேட்பார். பதில் திக்கித் திணறி வந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். பயிற்சியாளர்கள் சொல்வதும் இதுதான் என்று பிறகு வாசித்தேன். முழு வசனமாகக் கதைக்க முடிகிற வேகத்தில் தசைக்குப் போதிய ஒட்சிசன் கிடைக்கிறது, உடல் கொழுப்பையும் கூடுதலாக எரிக்கிறது, களைப்பு பிந்தி வருகிறது. மரதன்காரர்கள்கூட வாரத்தில் பெரும்பகுதித் தூரத்தை மெதுவாகத்தான் ஓடுகிறார்கள். சரி, அறிவியல் ஒரு பக்கம் இருக்கட்டும். பதில் சொல்லிச் சொல்லியே உப்புவெளி யுத்த மயானத்தைத் தாண்டிவிடுவோம், தாண்டியதே தெரியாது. என் கணவர் சின்ன வயதில் செய்த குழப்படி எல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். வீட்டில் அது பெரிய ஆயுதம்.

விடியக்காலை 5 மணிக்குத் திருகோணமலை நகரின் அநுராதபுரச் சந்தியில் சந்திப்போம். ஏழு மணி வெயிலுக்குப் பிறகு இங்கே ஓடுவது வீண்வேலை. மே தொடக்கம் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வேறு. தென்மேற்கிலிருந்து அடிப்பதால் போகும்போது முதுகில் தள்ளிவிடும். நாங்கள் ஏதோ பெரிய ஓட்டக்காரர்கள் என்று நினைப்போம். திரும்பும்போது கணக்குத் தீர்க்கும். அந்த நேரம் ஒருவர் முன்னுக்கு, மற்றவர் ஒட்டிப் பின்னுக்கு. கொஞ்சத் தூரத்துக்கு ஒருக்கால் மாறுவோம். 2019இல் வியன்னாவில் கென்ய ஓட்டக்காரர் கிப்சோகே மரதன் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 செக்கனில் ஓடியபோது, அவரைச் சுற்றி ஆட்கள் மாறி மாறி ஓடிக் காற்றை மறைத்தார்கள் என்று மச்சாளுக்குச் சொன்னேன். "அவருக்கு அத்தினை பேர், எனக்கு நீர் ஒராள்" என்றார், மூச்சு வாங்காமல்.

வழியில் பழக்கமானவர்களில் முக்கியமானவர் சைக்கிளில் மீன் பெட்டி கட்டிவரும் ஐயா. முதலில் கண்டபோது "என்ன பிள்ளையள், ஆரும் துரத்துறாங்களோ?" என்றார். சுடிதாரோடும் சப்பாத்தோடும் இரண்டு பெண்கள் விடியமுன்னம் ஓடினால் கேட்கத்தான் செய்வார்கள். தனியே போயிருந்தால் அந்தக் கேள்வியோடேயே வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். மச்சாள் "சீனி துரத்துது ஐயா" என்றார். இப்போது எங்களைக் கண்டால் சைக்கிளை மெதுவாக்கி, அன்றைய பாரை, சூரை விலையைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

நாய்களுக்கு வேறு சட்டம்: ஓடக்கூடாது. சாம்பல்தீவுப் பக்கம் நாய்க்கூட்டம் எழும்பினால் தோளோடு தோள் ஒட்டி நடப்போம், அவற்றின் முகத்தைப் பார்க்காமல். குடிக்க, பழைய சோடாப் போத்தலில் தேசிக்காய்ப் புளியும் உப்பும் கலந்த தண்ணீர். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வியர்த்தால் உப்பும் போகிறது, வெறும் தண்ணீர் போதாது. சீனி என் போத்தலில் மட்டும். ஆனால் மச்சாளின் இடுப்புப் பையில் எப்போதும் இரண்டு டொபி இருக்கும். சீனி மருந்து எடுப்பவர்களுக்கு நீள ஓட்டத்தில் இரத்தத்தில் சீனி திடீரென்று இறங்கிவிடலாம். கூட ஓடுபவருக்கு அந்த டொபி எந்தப் பையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதை வாசித்துவிட்டு உவர்மலையிலிருந்து ஒருவர்:

என் ஓட்டக் கூட்டாளிக்குப் பார்வை இல்லை. சப்பாத்து லேஸ் ஒன்றின் இரண்டு முனையிலும் வளையம் போட்டு, ஒன்று அவன் இடது கையில், மற்றது என் வலது கையில். இரண்டு கையும் ஒன்றாக வீச வேண்டும். அதற்குக் கால்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிரெதிராக விழ வேண்டும். பழக நாள் எடுத்தது.

பின்னேரங்களில் உட்துறைமுக வீதியில் ஓடுவோம். "பள்ளம்", "மாடு", "மான்" என்று சொல்லிக்கொண்டே வருவேன். (வெளியூர்க்காரர் சிரிக்க வேண்டாம். இங்கே மான்கள் நகரத்துக்குள் வந்து குப்பை கிளறும்.) ஒருநாள் அவனுக்குச் சினம் வந்துவிட்டது. "பள்ளத்தை மட்டும்தான் சொல்லுவியா? கடலில என்ன நிக்குது?" அன்று முதல் கப்பல், தோணி, பறவை எல்லாம் சொல்கிறேன். பெயர் தெரியாத பறவைக்கு வாய்க்கு வந்த பெயரை வைப்பேன். சத்தத்தை வைத்தே பிழை பிடித்துவிடுவான்.

2024 பாரிஸ் பாராலிம்பிக் மரதனில் ஸ்பெயினின் எலெனா கொங்கோஸ்த் மூன்றாவதாக வந்தார். முடிவுக்கோட்டுக்குக் கிட்டத் தடுமாறிய வழிகாட்டியைத் தாங்க ஒரு கணம் கயிற்றை விட்டார் என்று தகுதி நீக்கிவிட்டார்கள். அதைக் கேட்ட கூட்டாளி, "உனக்குக் கால் பிடிச்சா நானும் விடுவன், பதக்கம் போனாப் போகட்டும்" என்றான். எங்களுக்கு யார் பதக்கம் தரப்போகிறார்கள் என்பது வேறு கதை.

நிலாவெளியிலிருந்து இன்னொருவர்:

வேகம் ஒத்துவராத புருசன் பெண்சாதிக்கு ஒரு வழி. ஒன்றாகத் தொடங்கி, அவரவர் வேகத்தில் 30 நிமிடம் போய், மணி பார்த்து நிற்கிற இடத்திலேயே திரும்புங்கள். வேகம் மாறாவிட்டால் இருவரும் ஒன்றாகவே வாசலுக்கு வருவீர்கள். திரும்பும்போது மெதுவானவர், அதாவது நான், முன்னுக்கு நிற்பேன். மனைவி துரத்திக்கொண்டு வருவா.

மச்சாளும் நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வரை ஓடி வாருங்கோ. நகரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர்தான். செவ்விளநீர் எங்கள் செலவு, திரும்பிப் போக பஸ் இருக்கிறது.