தாத்தா வீட்டு ஜெபக் குழு

நாசரேத் மாமா (காலை 6:10): எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கிறதம்மா?

அக்கா (6:31): ஸ்தோத்திரம் மாமா. ஆஸ்பத்திரிக்கு வந்து இன்றோடு 19 நாள். இடது கை இன்னும் அசையவில்லை. பிசியோதெரபி செய்ய வரும் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கையில் வைத்தாள். விரலை நாம்தான் மடக்கிவிட வேண்டும். விட்டால் பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

பெங்களூர் சித்தப்பா (6:40): (ஃபார்வர்டு) முழு விசுவாசம் உள்ள வீட்டில் வியாதி தங்காது! ஆமென் என்று போட்டு 7 பேருக்கு அனுப்புங்கள் 🙏

அக்கா (6:58): சித்தப்பா, தப்பாக நினைக்காதீர்கள். நேற்று பார்க்க வந்த ஒருவரும் இதைத்தான் சொன்னார். அவர் போனதும் இவர் குழறிக் குழறி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நான் என்ன பாவம் செய்தேன்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பெங்களூர் சித்தப்பா (7:03): மன்னித்துவிடம்மா. யோசிக்காமல் அனுப்பிவிட்டேன். அழித்துவிடுகிறேன்.

பாளை அத்தை (7:20): மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல். டோனாவூரில் மிஷனரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மா எத்தனை பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர்! 1931இல் கீழே விழுந்தார். அப்புறம் 1951இல் கர்த்தரிடம் போகிறவரை பெரும்பாலும் படுக்கைதான். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா? படுத்தபடியே எழுதிக்கொண்டிருந்தார். நானும் உன் அம்மாவும் சின்ன வயதில் அவர் கல்லறையைப் பார்க்கப் போனோம். கல்லறைக் கல் எதுவும் கிடையாது. பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்று, அதில் "அம்மா" என்று மட்டும். உன் அம்மா அங்கேயே ரொம்ப நேரம் நின்றாள்.

பாளை அத்தை (7:24): அப்புறம் 13ஆம் சங்கீதத்தை எடு. முதல் 2 வசனத்திலேயே "எதுவரைக்கும்" என்று 4 தடவை கேட்கிறார் தாவீது. கேட்டதற்காகக் கர்த்தர் அவரைத் தள்ளிவிடவில்லையே. தன் சத்தம் அவர் காதில் விழுகிறது என்று நம்புகிறவன்தான் அப்படிக் கேட்பான். நீங்கள் இரண்டு பேரும் சத்தமாகவே கேளுங்கள்.

துபாய் தம்பி (7:30): அக்கா, இந்த மாதப் பணம் போட்டுவிட்டேன். மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு.

நாசரேத் மாமா (7:33): மதியம் கஞ்சியும் துவையலும் கொண்டு வருகிறேன். கேன்டீனில் வாங்காதே.

நான் (7:35): அக்கா, ராத்திரி நான் இருக்கிறேன். நீ வீட்டில் போய்த் தூங்கு.

அக்கா (இரவு 7:48): அத்தை, வாசித்தோம். இரண்டாவது "எதுவரைக்கும்" வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மீதியை இவரே சொன்னார், மனப்பாடமாக. ஒரு வசனத்துக்கு ஐந்து நிமிஷம் ஆனது. "பாடுவேன்" என்று வரும் கடைசி வசனத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டார். அது நாளைக்கு என்றார்.

பாளை அத்தை (7:52): சரிம்மா. நாளைக்கே சொல்லட்டும்.

அக்கா (7:55): தங்கச்சி, வரும்போது டார்ச் எடுத்து வா. பந்து மறுபடியும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அத்தான் கேட்கிறார்.