‘சறுக்குப் பெயர்ச்சித் தகைவு’ வேண்டாம், ‘வருடல்’ வரட்டும்

அன்புள்ள ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

ரத்தம் ஓடும்போது குழாய்ச் சுவரை நீளவாக்கில் இழுக்கிற இழுப்புக்கு (shear stress), இயற்பியல் பாடநூலில் இருக்கிற ‘சறுக்குப் பெயர்ச்சித் தகைவு’ என்பதையே மருத்துவத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். ஒரு கருத்துக்கு ஒரே சொல் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் போன வாரம் இங்கே பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில், கொலஸ்ட்ரால் கூடியவர்களுக்கு வேகநடை எப்படி ரத்தக்குழாயைக் காக்கிறது என்று நாங்கள் தயாரிக்கும் துண்டறிக்கையை வாசகசாலையில் வாசித்துக் காட்டினேன். அந்தச் சொல் வந்ததும், முப்பது வருஷம் தென்னை ஏறிக் கள் இறக்கிய பெரியவர் ஒருவர், “சறுக்கி விழுந்தா குழாய்க்கு என்னம்மா ஆகும்?” என்று கேட்டார். மரம் ஏறுகிறவருக்குச் சறுக்கல் என்றால் உயிர் போகிற விஷயம். பிழை அவருடையதல்ல, சொல்லினுடையது.

சொல்ல வந்தது இவ்வளவுதான். ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காக இருக்கிறது அகவணி. வேகமாக நடக்கும்போது ரத்தம் அதை நீளவாக்கில் தொட்டு இழுத்துக்கொண்டு பாய்கிறது, அந்த இழுப்பை உணர்ந்து அகவணி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளிவிட, குழாய்த்தசை தளர்ந்து குழாய் விரிகிறது. அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்தாலும் அகவணி இல்லாமல் குழாய் தளராது என்பதை ஃபர்ச்காட் என்ற ஆய்வாளர் 1980-ல் காட்டினார், 1998-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) மிகுந்தால் இந்த வாயு போதாமல் போகிறது. வாரக்கணக்கில் விடாமல் நடந்தால் அதை உண்டாக்கும் நொதி கூடுகிறது. ஆகவே எல்டிஎல் எண் பெரிதாக இறங்காவிட்டாலும் குழாய்க்கு நன்மை உண்டு. என் அம்மா அந்த எண்ணை மட்டும் பார்த்து, மூன்றே மாதத்தில் நடையை விட்டுவிட்டார். அதனால்தான் இந்த ஒரு சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கு நிற்கிறேன். (மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம்.)

‘உராய்வு’ ஏற்கெனவே friction என்பதற்குப் போய்விட்டது. ‘உரசல்’ என்றால் தேய்மானமும் சண்டையும்தான் நினைவுக்கு வரும். மூலத்தரை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்ட நாளில் வாய்க்காலில் கையை நீட்டி வைத்துப் பாருங்கள், தண்ணீர் தோலை நீளத்துக்கு வருடிக்கொண்டே போகும். அதனால்தான் ‘வருடல்’ என்கிறேன். நேராக ஓடுகிற இடத்தில் வண்டல் நிற்காது, கிளை பிரியும் இடத்தில் சுழன்று தயங்கும்போதுதான் தங்கும். தமனியிலும் கொழுப்புப் படிவு அதிகம் உண்டாவது கிளை பிரிகிற, ஓட்டம் கலைகிற இடங்களில்தான். ‘வருடல் குறைந்த இடம்’ என்றால் அங்கேயும் பொருள் சரியாக உட்காருகிறது. அந்தப் பெரியவரிடம் இதைச் சொன்னதும், “நம்ம தலோடல்தானே?” என்று மலையாளத்துக்குப் போய்த் திரும்பி வந்தார். இந்தப் பக்கத்தில் பாதிப்பேர் பள்ளியில் படித்தது மலையாளம், அவர்களுக்கும் இந்தச் சொல் எட்டுகிறது.

வருடல் ரொம்ப மென்மையான சொல், அலகு வைத்து அளக்கிற ஒன்றுக்கு ஆகாது என்று மருத்துவர் அக்கா எழுதியதும் நியாயம்தான். அளவாகச் சொல்லும் இடத்தில் ‘வருடுதகைவு’ என்போம், தகைவு உங்கள் பாடநூல் சொல்தான், ஐயா. துண்டறிக்கையில் வெறும் ‘வருடல்’.

அப்புறம், கையைப் பட்டையால் ஐந்து நிமிடம் இறுக்கி, விட்டதும் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்க்கிறார்களே, அதை ‘வருடல்விரிவு’ என்று சொல்லலாமா? மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்கள் காலை அச்சுக்குக் கொடுக்கிறோம்.