யூகேஜி வாண்டுகள் வீட்டில் இந்த வாரம் என்ன கூத்து? சொல்லுங்கள்

காரைக்குடி அம்மா:
மகள் யூகேஜி. இந்த வாரம் தமிழில் ட, ப, ம மூன்றையும் கூட்டி வாசிக்கணும். கணக்கில் 20 வரை எண்ணணும், எது அதிகம், எது குறைவு என்று சொல்லணும். இவள்தான் ஐம்பது வரை கடகடவென்று ஒப்பிக்கிறாளே என்று மெத்தனமாக இருந்துவிட்டேன்.

சமையலுக்கு ஏழு சின்ன வெங்காயம் எடுத்து வரச் சொன்னேன். இரண்டு கை கொள்ளுமட்டும் அள்ளி வந்தாள். எண்ணச் சொன்னால், ஒரே வெங்காயத்தை இரண்டு தடவை தொடுகிறாள். விரல் ஆறாவது வெங்காயத்தில் இருக்க வாய் ஒன்பதுக்குப் போய்விட்டது. "மொத்தம் எத்தனைம்மா?" என்றால் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பம்!

சனிக்கிழமை கானாடுகாத்தானில் என் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. அப்பத்தா அவளை ஓரத்தில் நிறுத்தி, "கல்லுக்கு ஒரு அடி, அடிக்கு ஒரு எண்ணு. கல்லைத் தாண்டினா மொதல்லேர்ந்து வரணும்" என்றார். மூன்று தடவை தாண்டினாள், மூன்று தடவையும் திரும்பினாள். நாலாவது தடவை பதினாலில் தூண் வந்ததும் நின்று, "பதினாலு கல்லு" என்றாள். எண்ணிக்கையின் கடைசிச் சொல்தான் மொத்தம் என்று அவளுக்குப் பிடிபட்ட இடம் அதுதான். விளிம்பில் பூ, இலை, பூ, இலை என்று ஓடியதைப் பார்த்து அடுத்தது என்ன என்றும் சொல்லிக்கொண்டே போனாள். அதுவும் கணக்குப் பாடம்தானாம், எனக்கு இப்போதுதான் தெரியும்.

தேவகோட்டை டீச்சர்:
வெங்காயக் கதை என் வகுப்பில் தினமும் நடப்பதுதான் மேடம். வாசிப்பிலும் இப்படித்தான். போன செவ்வாய்க்கிழமை ஒரு பையன் "பட்டம்" என்ற எழுத்துகளுக்கு அடியில் விரலை நகர்த்திக்கொண்டே, ரொம்பத் தெளிவாக, "காத்தாடி" என்று வாசித்தான். அவன் பார்த்தது படத்தை. படத்தைக் கையால் மறைத்தேன். "ப... ட... ட... ம" என்று நாலு எழுத்தையும் சொன்னான், இரண்டு புள்ளியையும் விட்டுவிட்டான். புள்ளி வந்தால் வாயை மூடு என்று சொல்லிக்கொடுத்தேன். ம் சரியாக வந்தது. ட் தான் இன்னும் மக்கர் பண்ணுகிறது.

இன்னொன்று: பதினொன்றிலிருந்து பத்தொன்பது வரை தமிழிலேயே எண்ண விடுங்கள். பதிமூன்றில் பத்தும் மூன்றும் காதில் விழுகிறது. தேர்ட்டீனையும் தேர்ட்டியையும் பிரித்துக் கேட்பதற்குள் பிள்ளை களைத்துவிடும்.

சிங்கப்பூர் அப்பா, சொந்த ஊர் பள்ளத்தூர்:
ஊரில் இருக்கும் என் பையனுக்கு 1 முதல் 100 வரை ஐந்து தடவை எழுதும் வீட்டுப்பாடம். வீடியோ காலில் பார்த்தேன், 3 எல்லாம் திரும்பி நிற்கிறது, கண்ணில் தண்ணீர். பிள்ளையைக் களைக்க வைக்கக் கூடாது என்பதில் நானும் தேவகோட்டை டீச்சர் கட்சி.

ஆச்சி ஒருத்தி (பேரன் தட்டச்சு செய்கிறான்):
எங்க வீட்டில் பல்லாங்குழிதான் பள்ளிக்கூடம். குழிக்கு அஞ்சு புளியங்கொட்டை போடும்போதே எண்ணு வந்துரும். காலியான குழியில் ஒவ்வொண்ணா விழுந்து நாலு சேர்ந்தா அது பசு, எடுத்துக்கலாம். முதல் நாள் பேத்தி ஒண்ணு, ரெண்டுன்னு தொட்டுத் தொட்டு எண்ணுவா. அதுக்குள்ள நான் எடுத்துருவேன். நாலாம் நாள் தொடாமலே, பார்த்த மாத்திரத்தில், "பசு!"ன்னு கத்திட்டு அள்ளிட்டா. விட்டுக்கொடுத்து ஆடாதீங்க, பிள்ளைக்குக் கண்ணு தெறக்காது.

தேவகோட்டை டீச்சர்:
ஆச்சி, எண்ணாமலே பார்த்துச் சொல்லப் பழக்க நான் புள்ளிகள் வைத்த அட்டை வெட்டி, ஒரு நொடி காட்டி மறைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கே பல்லாங்குழி கொண்டு போகிறேன்.

காரைக்குடி அம்மா:
இன்று சாயங்காலம் ஓலைக் கொட்டானை (சின்னக் கூடை) நீட்டி மறுபடி ஏழு வெங்காயம் கேட்டேன். எட்டு வந்தது. எண்ணிக் காட்டச் சொன்னேன். ஏழு வரை ஒழுங்காக எண்ணி நிறுத்தி, எட்டாவதைத் தனியாகத் தள்ளிவைத்து, "இது கொசுறு" என்றாள். சந்தைக்குக் கூட்டிப்போனது என் தப்பு.