கடலில் புரோமின் இருந்தும் நிறம் ஏன் தெரிவதில்லை?

கேள்வி: புரோமின் செம்பழுப்புத் திரவம். கடல்நீரில் அது இருக்கிறதென்றால் நிறம் எங்கே போனது?

பதில் 1: கடலில் இருப்பது புரோமைடு அயனி, அதாவது ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்ற புரோமின் அணு; அதற்கு நிறமில்லை. லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம்தான். சாக்கடலில் பல மடங்கு அதிகம். குளோரின் செலுத்தினால் புரோமைடின் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும், அது புரோமினாகி நிறம் வந்துவிடும். 1826-ல் பிரெஞ்சு வேதியியலாளர் பலார் உப்பளத்து நீரில் கண்டதும் அப்படித்தான்.

பதில் 2: ஆய்வகத்தில் மூடிய புரோமின் குப்பியொன்றைத் தூக்கியிருக்கிறேன். தண்ணீரைப்போல் மூன்று மடங்கு கனம்! கொதிநிலை 58.8 டிகிரி செல்சியஸ். ஆனாலும் சும்மா வைத்திருக்கும்போதே திரவத்தின் மேல் ஆரஞ்சு ஆவி நிற்கிறது. தோலை வெந்துபோகச் செய்யும், தயவுசெய்து குப்பியைத் திறக்காதீர்கள்.

கேட்டவர்: உப்பு படிந்தபின் மிஞ்சும் கசப்பு நீர்?

பதில் 1: அதில்தான் புரோமைடு செறிந்திருக்கும்.