மருதமலையான் துணை (குடும்பக் குழு)

ஞாயிறு, காலை 9:12

கார்த்தி: மாமா, ஒரு விசயம் கேக்கோணும். பவுடர் கோட்டிங்கு (பவுடர் பூசிச் சூட்டுல இறுக்கற பெயிண்ட்) முன்னாடி துரு எடுக்க நம்ம பட்டறைல சாண்ட் பிளாஸ்டிங் மெசின், காத்து வேகத்துல தூள் அடிச்சுச் சுத்தம் பண்றது, போடலாம்னு இருக்கறேனுங்க. வீடியோல ஒரு பாட் பாத்தேன், தூள் போட்டு அடிக்கற பிரஷர் தொட்டி, சக்கரம் வெச்சது, 100 லிட்டர். கம்ப்ரஸர் ஏற்கனவே இருக்குதுல்லீங்களா.

பெரிய மாமா: என்ன கம்ப்ரஸர்?

கார்த்தி: பெயிண்ட் அடிக்கற 5 ஹெச்பி பிஸ்டனுங்க.

பெரிய மாமா: அப்ப பாட்ட விடு. மொதல்ல தூள் பீச்சற முனை, அந்த நாசில் ஓட்டை என்ன அளவுன்னு கேளு. கால் இஞ்ச் நாசில் 100 பிஎஸ்ஐ பிரஷர்ல ஓட 80 சிஎஃப்எம் (நிமிசத்துக்கு 80 கன அடி) காத்து வேணும். பிஸ்டன்ல ஒரு ஹெச்பிக்கு சுமாரா 4 சிஎஃப்எம்தான் தேறும். உன்னுது 20 சிஎஃப்எம்.

கார்த்தி: அப்ப 80க்கு 20 ஹெச்பி கேக்குதுங்களா 😳 ஆனா டேங்க் 200 லிட்டர் இருக்குதுங்களே?

பெரிய மாமா: அரை நிமிசம் தாங்காது.

சரவணன் (சிங்கப்பூர்): மாமா சொல்றதுதான் சரி. எங்க கப்பல் யார்டுல பாட்டுக்குப் பக்கத்துல டீசல் ஸ்க்ரூ கம்ப்ரஸர் (நிறுத்தாம ஓடற வகை) லாரி சைஸ்ல நிக்கும். வீடியோக்காரன் அதக் காட்ட மாட்டான்.

கார்த்தி: அப்ப 3 எம்எம் நாசில் போட்டா?

பெரிய மாமா: அதுக்கு 20 சிஎஃப்எம் போதும், கணக்கு ஒத்து வரும். ஆனா ஓட்டை பாதியானா காத்து கால்வாசி, வேலையும் கால்வாசிதான் நடக்கும். ஒரு கேட்டுக்கு நாள் பூரா நிப்ப. பிஸ்டன் மூச்சு விடாம ஓடிச் சூடேறி வால்வு போயிரும். நாசில் தேஞ்சு 3 எம்எம் 4 ஆச்சுன்னா காத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கேக்கும். அப்பறம் உன்ற கம்ப்ரஸர் எட்டாது.

சரவணன் (சிங்கப்பூர்): மெசினோட செராமிக் நாசில்தான் குடுப்பாங்க, சீக்கிரம் தேஞ்சிரும். போரான் கார்பைட் வெல ஜாஸ்தி, ஆனா ஒழைக்கும்.

அம்மா: வாசல்ல எம்-சாண்ட் கெடக்குது கண்ணு. சலிச்சுப் போட்டா ஆகாதா?

ரம்யா அக்கா: அம்மா வேண்டவே வேண்டாம்!! அது கருங்கல் ஒடச்ச தூளு, அதுலயும் சிலிக்கா இருக்குது. அடிக்கறப்ப நொறுங்கி, கண்ணுக்கே தெரியாத தூசி நுரையீரல்ல போய் ஒக்காந்துக்கும். சிலிகோசிஸ். வந்துட்டா பழையபடி ஆக்கறதுக்கு மருந்தே இல்ல. துருக்கில ஜீன்ஸ வெளுக்க வெக்க மணல் அடிச்ச பசங்க சின்ன வயசுலயே போயிட்டாங்க. 2009ல அங்க தடையே போட்டாங்க.

அம்மா: ஐயோ. மாஸ்க் போட்டாலும் ஆகாதா?

ரம்யா அக்கா: துணி மாஸ்க் எல்லாம் சும்மா மா.

சரவணன் (சிங்கப்பூர்): பாட்டுல அடிக்கறவனுக்குத் தனி குழாயில காத்து வர்ற ஹெல்மெட் வேணும் சித்தி. அந்தக் காத்தயும் எண்ணெய் கம்ப்ரஸர்ல இருந்து நேரா எடுக்கக் கூடாது, ஃபில்டர் வழியாத்தான். கைப்பிடிய விட்டா ஒடனே நிக்கற டெட்மேன் லீவர் இல்லாத பாட்ட வாங்கவே கூடாது. ஓஸ் கையவிட்டு நழுவுனா பாம்பு மாதிரி அடிக்கும்.

பெரிய மாமா: பேருதான் சாண்ட் பிளாஸ்டிங், மணல் போடக் கூடாது. சட்டத்துல தகவல் சொல்லியே ஆகவேண்டிய நோய்ப் பட்டியல்ல சிலிகோசிஸ் இருக்குது.

சரவணன் (சிங்கப்பூர்): எங்களுக்குக் காப்பர் ஸ்லாக் (செம்பு உருக்கறப்ப மிஞ்சற கசடு), இல்லைனா கார்னெட், அது ஒரு கனிமத் தூள். கார்னெட் நம்ம தூத்துக்குடி, திருநெல்வேலி கடற்கரை மணல்ல கெடக்கறதுதான். 2013ல அள்ளறதுக்குத் தடை வந்துருச்சு.

காலை 10:40

பெரிய மாமா: கார்த்தி, உனக்கு என்ன வேலை அதிகமா வருது? அதச் சொல்லாம மெசினப் பேசிப் பிரயோசனமில்ல.

கார்த்தி: அலாய் வீல், புல்லட் பார்ட்ஸ்தானுங்க மாமா. கேட், கிரில் எப்பவாச்சும்.

பெரிய மாமா: அப்ப கேபினெட் போதும், மூடுன பெட்டி. கை உறை மாட்டி உள்ள கைய விட்டு அடிக்கறது, சக்‌ஷன் கன் (தூள உறிஞ்சி அடிக்கறது) வெச்சது. வேகம் கம்மி, ஆனா உன்ற 5 ஹெச்பி விட்டு விட்டு அடிச்சா சமாளிக்கும். அடிக்கற தூள் கீழ விழுந்து திரும்ப வரும், வீணாகாது. தூசிய உறிஞ்சற டஸ்ட் கலெக்டர் இல்லாம கேபினெட் எடுக்காத. கண்ணாடில ஒண்ணுமே தெரியாது, கதவத் தொறந்தா தூசி பூரா உன்ற மூஞ்சிலதான்.

சரவணன் (சிங்கப்பூர்): எனக்கென்னமோ பாட்தான் புடிக்கும். கேபினெட் பொம்ம வேலை 😄

பெரிய மாமா: உனக்குக் கப்பல். அவனுக்கு வீலு.

கார்த்தி: தூளுக்கு கிளாஸ் பீட் (கண்ணாடி உருண்டை) போடலாங்களா?

பெரிய மாமா: அலுமினியத்துக்கு நல்ல மினுமினுப்புக் குடுக்கும். ஆனா பவுடர் புடிக்கோணும்னா சொரசொரப்பு வேணும், அதுக்கு பிரவுன் அலுமினா (கூரான அலுமினியம் ஆக்சைட் தூள்). புல்லட் டேங்க் மாதிரி மெல்லிசு தகட்டுக்கு பிரஷரக் கொறச்சு, சாய்ச்சு அடி, இல்லைனா நெளிஞ்சிரும். இஞ்சின் கேஸ உள்பக்கம் அடிச்சுராத. ஆயில் ஓட்டைல நாலு துகள் தங்குனாலும் பேரிங் காலி.

சரவணன் (சிங்கப்பூர்): காத்துல இருந்து தண்ணியப் பிரிக்கற மாய்ஸ்சர் டிராப் மறந்துறாத டா. ஐப்பசி மழைல லைன்ல தண்ணி வந்து கன் அடைக்கும். இரும்ப அடிச்சா அன்னைக்கே கோட்டிங் போட்டுரு, ராத்திரி வெச்சா காலைல திரும்பத் துரு.

கார்த்தி: கேட் ஆர்டர் வந்தா?

பெரிய மாமா: பிளாஸ்டிங் யார்டுல ஜாப் ஒர்க் குடு. மாசாமாசம் நெறைய வர ஆரம்பிச்சா அப்ப ஸ்க்ரூ கம்ப்ரஸர், ஈபில லோடு ஏத்தறது எல்லாம் பேசலாம். அப்பவும் கொட்டேசன்ல டிஸ்பிளேஸ்மென்ட் (கணக்குல வர்ற காத்து) போட்டிருந்தா ஏமாந்துராத, எஃப்ஏடி (நெசமா வெளிய வர்ற காத்து) எவ்வளவுன்னு எழுதி வாங்கு.

கார்த்தி: சரிங்க மாமா. நாளைக்கு கோவை கணபதில ஒரு கடைல கேபினெட் பாக்கப் போறேன்.

பெரிய மாமா: பழைய வீல் ஒண்ணு எடுத்துட்டுப் போ. அவங்க மெசின்லயே அடிச்சுக் காட்டச் சொல்லு, எத்தன நிமிசம் ஆகுதுன்னு பாரு. பின்னால எந்தக் கம்ப்ரஸர் ஓடுதுன்னும் எட்டிப் பாத்துக்க.

கார்த்தி: 18 இஞ்ச் வீல் கதவுல நுழையுதான்னும் டேப் வெச்சு அளந்துக்கறேனுங்க 👍