ஆட்-ஆன்: 'துணைச்சேர்ப்பு' என வைக்கலாமா?

வணக்கம்.

இணையக் கடையில் ஒரு பொருளைக் கூடையில் போடும்போது, வேண்டுமானால் கூடவே வாங்கிக்கொள்ளும் ஆட்-ஆனுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். இதுவரை வந்த பரிந்துரைகள்: இணைப்பு, துணைத்தேர்வு, கொசுறு, கூடுதல் பொருள்.

'இணைப்பு' வேண்டவே வேண்டாம். லிங்க், அட்டாச்மென்ட், கனெக்‌ஷன் மூன்றையும் அது ஏற்கெனவே சுமக்கிறது. 'துணைத்தேர்வு' பொருளளவில் சரிதான். ஆனால் திரையில் 'உங்கள் துணைத்தேர்வுகள்' என்று கண்டால் எந்தப் பாடத்தில் போயிற்று என்றுதான் கேட்கத் தோன்றும். 'கொசுறு' எனக்கும் பிடித்த சொல். ஆனால் கொசுறுக்குக் காசு கிடையாது, இதற்கு உண்டு.

'கூடுதல் பொருள்' பலருக்கும் உடன்பாடு போலத் தெரிகிறது. எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது. பெயர் பொறித்தல், பரிசுத்தாள் சுற்றுதல், நீட்டித்த உத்தரவாதம், நேரில் வந்து பொருத்திக் கொடுத்தல் – இவற்றில் பொருள் எங்கே இருக்கிறது? சரி, 'கூடுதல்' மட்டும் போதும் என்றால், பில்லின் அடியில் அது மொத்தத் தொகையைப் போலப் படிக்கப்படும்.

என் பரிந்துரை 'துணைச்சேர்ப்பு'. துணை என்றால் தனித்து நிற்காது. நிரலிலும் இதன் குணம் அதுதான். பேனாவைக் கூடையிலிருந்து எடுத்தால் அதில் பொறிக்கவிருந்த பெயரும் போக வேண்டும். கூடையில் அதைத் தனி வரியாக வைத்து, எந்த முதன்மைப் பொருளைச் சார்ந்தது என்று குறிக்காமல் விட்ட கடைகளில் பேனா இல்லாமல் பொறிப்புக் கூலி மட்டும் மிஞ்சி நிற்கும். அதேபோல, ஒரே வகைப் பேனா இரண்டை வெவ்வேறு பெயர் பொறித்து வாங்கினால் அவை இரண்டு வரிகள். எண்ணிக்கை இரண்டு என்று ஒன்றாக்கிவிட்டால் ஒரு பெயர் காணாமல் போகும். 'சேர்ப்பு' என்பதில் வாங்குபவர் தாமே சேர்த்தது என்ற குறிப்பும் இருக்கிறது. அது முக்கியம். கேட்காமல் கடையே சேர்த்தால் அதற்குப் பெயர் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 நுகர்வோர் உரிமை நெறியின் 22ஆம் பிரிவுப்படி, முன்கூட்டியே டிக் செய்து வைத்த பெட்டியால் வாங்கிய கூடுதல் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இந்தியாவில் 2023 நவம்பரில் இணைய வணிக ஏமாற்று உத்திகளைத் தடுக்க வந்த வழிகாட்டு விதிகள், கேட்காமல் கூடையில் சேர்ப்பதை 'பாஸ்கெட் ஸ்னீக்கிங்' என்று பட்டியலிட்டுள்ளன. இலவச மாதிரிகளுக்கு அங்கே விலக்கு உண்டு (கொசுறுக்கு விலக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்). பாஸ்கெட் ஸ்னீக்கிங்கைக் 'கூடைத் திணிப்பு' என்கலாம். சேர்ப்புக்கும் திணிப்புக்கும் உள்ள தூரம் சொல்லிலேயே தெரிகிறது.

'ஆப்ஷனல்' என்பதற்கான சொல் பற்றி: 'விருப்ப' என்று தொடங்கினால் விருப்பப்பட்டியலோடு (விஷ்லிஸ்ட்) குழம்பும். படிவத்தில் 'கட்டாயமில்லை' என்று போட்டால் யாருக்கும் புரியும்.

இன்னொரு கேள்வி வந்திருந்தது: டிக் செய்யாத பெட்டியை 'மறுப்பு' என்கலாமா? கூடாது. எச்டிஎம்எல் படிவத்தில் (இணையப் பக்கப் படிவம்) டிக் இல்லாத பெட்டியைப் பற்றி உலாவி (பிரௌசர்) வழங்கிக்கு (சர்வர்) எதையுமே அனுப்புவதில்லை. வேண்டாம் என்றாரா, அந்தக் கேள்வியே அவர் திரையில் இல்லையா என்பது வழங்கிக்குத் தெரியாது. கூடைக்குத் திரும்பி வந்து பரிசுத்தாள் டிக்கை எடுத்தாலும் தொகை குறையாமல் நிற்கிற பிழைக்கு இதுவே வழக்கமான காரணம்: புதிதாக ஒன்றும் வரவில்லை, ஆகவே பழையதே இருக்கட்டும் என்று நிரல் விட்டுவிடுகிறது. பெட்டிக்கு முன்னால் அதே பெயரில் சுழிய மதிப்போடு ஒரு மறைபுலம் (திரையில் தெரியாத படிவப் புலம்) வைப்பது பழைய வைத்தியம்; டிக் இல்லாவிட்டால் அந்தச் சுழியமாவது வந்து சேரும். எனவே இரண்டு சொல் வேண்டும்: ஒன்றும் வராதது 'பதிலின்மை', வேண்டாம் என்று வந்தது 'மறுப்பு'. பலவற்றில் ஒன்றை மட்டும் தெரிவுசெய்யும் ரேடியோ பொத்தானாக இருந்தால் 'வேண்டாம்' என்றே ஒரு தெரிவு வைத்துவிடலாம்.

ஒன்று மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன். 'துணைச்சேர்ப்பு' நிரலாளருக்கும் கையேட்டுக்கும் உரிய சொல். வாங்குபவர் பார்க்கும் பெட்டியின் பக்கத்தில் அது வரத் தேவையில்லை. 'பெயர் பொறித்துத் தரவும்' என்று வினையாகவே எழுதுங்கள். பேனா மூன்று என்றால் பரிசுத்தாள் ஒன்றா மூன்றா என்ற குழப்பத்துக்கும் அங்கேயே 'ஒவ்வொன்றுக்கும்' அல்லது 'மொத்தத்துக்கும்' என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது.

'துணைச்சேர்ப்பு' ஒற்று மிகுந்து வருவதால் சற்று நீளம்தான். கைபேசித் திரையில் இரண்டு வரியாக மடியுமானால் 'சேர்ப்பு' என்று சுருக்கிக்கொள்ள எனக்கு ஆட்சேபம் இல்லை. 'துணை' என்று மட்டும் சுருக்க வேண்டாம்; உதவிப் பக்கம் என்று நினைத்து அழுத்துவார்கள்.