செந்தூலில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனை, 2040 திட்டத்தில் என்ன ஆகும்?

செந்தூல்வாசி:
நாங்கள் இருப்பது பழைய பிளாட். பின்னால் உள்ள காலி மனையில்தான் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040 வரைபடத்தில் அங்கே கடையும் குடியிருப்பும் சேர்ந்து வரலாம் என்று போட்டிருக்கிறது. எல்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்தில் இருப்பதால் உயரமாகவே கட்டுவார்கள் என்கிறார்கள். இப்போதே ஒரு மணி நேரம் மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் ரோட்டில் ஓடுகிறது, இதில் இன்னும் பல நூறு வீடு வந்தால் தண்ணீர் எங்கே போகும், பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் எங்கே? இனி நாம் எதுவும் சொல்ல முடியாதா?

கெப்போங் அண்ணன்:
முடியும் தம்பி. திட்டம் 2025-இல் அரசிதழில் வந்துவிட்டதால் வரைபடத்தில் மனையின் பயன்பாட்டைக் காட்டும் நிறத்தை மாற்றுவது கஷ்டம், ஆனால் அந்த மனைக்கு என்ன கட்டட விகிதம் (plot ratio) கொடுத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 4 என்றால் நிலப்பரப்பைப் போல நான்கு மடங்கு தரைப்பரப்பு கட்டலாம். கட்டுகிறவர்கள் அதற்கு மேல் கேட்டால் நீங்கள் கேள்வி கேட்க இடமிருக்கிறது. முந்தைய 2020 திட்டத்தின் வரைவு 2008-இலேயே வந்தது, அரசிதழில் ஏறியது 2018-இல்! நடுவில் பத்து வருடம், அதற்குள் எத்தனை கட்டடம் எழுந்துவிட்டது. இப்போது கையில் ஓர் அளவுகோலாவது இருக்கிறது.

கோலாலம்பூரிலேயே உள்ள ரிம்பா கியாரா பூங்கா வழக்கைப் படியுங்கள். அங்கே கட்டடம் கட்டக் கொடுத்த அனுமதி செல்லாது என்று 2023 ஏப்ரலில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமே சொன்னது. நகர வளர்ச்சிக்கான மேல்நிலைத் திட்டமான கட்டமைப்புத் திட்டத்தை டத்தோ பண்டார் (மேயர்) இஷ்டத்துக்கு ஒதுக்கிவிட முடியாது. வழக்குப் போட்டவர்களில் பக்கத்து அடுக்குமாடி நிர்வாகக் குழுக்களும் உண்டு, அதனால் தனியாகப் போகாதீர்கள்.

தோட்டத்துப் பேத்தி:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் அந்தப் பூங்காவுக்குப் பக்கத்திலேயே புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் 1980-களில் இருந்து நீளவீட்டில் (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில்) இருந்தார்கள். அவர்களுக்கான வீட்டையும் அந்தப் பெரிய கட்டடத்தோடு சேர்த்தே போட்டுவிட்டார்கள். பூங்காவா வீடா என்று ஏழைகளை நடுவில் நிறுத்தியது பெரிய அநியாயம். மலிவு விலை வீட்டுக்கென்று வரைபடத்திலேயே தனி இடம் ஒதுக்கியிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. நீங்களும் 'கட்டாதே' என்று மட்டும் எழுதாமல், அங்கே யாருக்கு வீடு, என்ன விலைக்கு என்றும் கேளுங்கள்.

செந்தூல்வாசி:
நன்றி அண்ணே, அக்கா. ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் குழுக் கூட்டம் இருக்கிறது, பேசுகிறேன்.

கெப்போங் அண்ணன்:
மனை எண்ணோடு ஜாலான் ராஜா லாவுட் மாநகர மன்றத்துக்கு நேரில் போங்கள். அப்புறம், அடுத்த மழையில் அந்தச் சாக்கடையைத் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள்.